சிஸ்டர் இன்னும் உள்ளேதான் இருக்காங்க

நர்ஸ்கள் எழுதும் வெப்சைட்டில், அப்பாவுக்கான பக்கத்தில், காலை ஏழு நாற்பதுக்கு ஒரு குறிப்பு ஏறியிருந்தது. ‘காய்ச்சல் இல்லை. இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தேன். முதுகில் சிவப்பு குறைந்திருக்கிறது.’

அன்று காலை வீட்டுக்கு யாரும் வரவில்லை.

பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வைத்து அவள் அதை மூன்று முறை படித்தாள். ஜன்னல் கண்ணாடியில் மழைத்தண்ணீர் கோணல் கோணலாக ஓடியது. நனைந்த குடைகளின் ரப்பர் வாடை, யாரோ தலையில் தேய்த்திருந்த தைலத்தின் வாடை, ஏதோ ஒரு பையிலிருந்து விடாமல் கேட்ட போன் மணி எல்லாம் ஒன்றாக அவள்மேல் சாய்ந்துகொண்டிருந்தன. எட்டு மணிக்கு அவள் கிளம்பும்போது அப்பா இடது பக்கமாகத்தான் படுத்திருந்தார். அத்தை திருப்பிவிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். அது நன்றாக நினைவிருந்தது.

அத்தைக்குப் போன் போட்டாள்.

“நானா? எனக்கு ஏது அவ்வளவு தெம்பு? நீ திருப்பிவிட்டிருக்கேன்னுல்ல நெனச்சேன்” என்றாள் அத்தை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சில் நாலைந்து சொற்கள் மிச்சம். தானாகப் புரண்டு படுக்க அவரால் முடியாது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்வது அவருடைய தங்கையான அத்தை. ஒருநாள் விட்டு ஒருநாள், மதியம் மூன்று மணிக்கு ஒரு நர்ஸ் வந்து போவாள். காலையில் வருகிறவர்கள் யாரும் கிடையாது. அதாவது, இப்போது கிடையாது.

அவளுடைய ஆபீஸ் ஒரு திரைச்சீலைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. மொத்தம் ஒன்பது பேர். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ்களுக்காக ஒரு வெப்சைட் செய்து நடத்திவந்தார்கள். நர்ஸ்கள் போகிற வீட்டில் எந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறதோ அதில் நுழைந்து, பார்த்ததையும் செய்ததையும் எழுதுவார்கள். வீட்டுக்காரர்கள் அதைப் படித்துக்கொள்ளலாம். அந்த நுழைவாயில் முழுக்க அவள் எழுதியது. அதனால் ஆபீஸில் எல்லோருக்கும் அவள் ‘சாவி’.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தக் குறிப்பை யார் எழுதியது என்று பார்த்தாள். வீட்டுக்காரர்களின் திரையில் எழுதியவர் பெயர் வராது; அவளுடைய திரையில் வரும்.

மூத்த சிஸ்டர்.

எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு வருடம் தினமும் காலையில் அப்பாவைப் பார்க்க வந்தவர். அவரை மறுபடி நடக்க வைக்காமல் விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். காலரை இழுத்துப் பட்டன் போட்டுக்கொண்டு, எப்போதும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டே இருப்பார். ஐந்து வாரத்துக்கு முன்னால் அவள் வீட்டில் வேலையை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு பஸ் ஏறினார். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் மட்டும் ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் தோளைத் தொட்டு எழுப்பியிருக்கிறார். எழுந்திருக்கவில்லை.

அவருடைய இறுதிச் சடங்குக்கு இவள் போயிருந்தாள்.

உள்ளே இருப்பவர்களின் பட்டியலைத் திறந்தாள். ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்து வந்தவருக்கு சிஸ்டம் ஒரு டோக்கன் கொடுக்கும். அது இருக்கும்வரை மறுபடி யாரென்று கேட்காது. பட்டியலின் நாலாவது வரியில் மூத்த சிஸ்டர் இருந்தார். நிலை: உள்ளே. கடைசியாக எப்போது அசைந்தார்: இப்போது.

பேய் பிசாசு எதுவும் அவள் மனதில் அப்போது வரவில்லை. வந்ததெல்லாம் போன வருடத்து மீட்டிங்.

அன்றைக்கும் இதே மழை. நர்ஸ்களிடமிருந்து புகார் மேல் புகார். வெளியேறும் பட்டன் சேமிக்கும் பட்டனுக்குப் பக்கத்திலேயே இருந்ததால், அவசரத்தில் தெரியாமல் அதை அமுக்கிவிடுகிறார்கள். திரும்ப உள்ளே வர போனுக்கு ஒரு எண் வரவேண்டும். சில வீடுகளில் சிக்னல் இருக்காது. நோயாளி முனகிக்கொண்டிருக்க, நர்ஸ் மொட்டை மாடிக்கு ஓடி போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருப்பாள்.

“அந்தப் பட்டனையே தூக்கிட்டா என்ன? யார் லாகவுட் பண்றா இந்தக் காலத்துல?” என்றாள் இவள். “ஒருதடவை உள்ள வந்தவங்க உள்ளயே இருக்கட்டும். வேலை முடிஞ்சா பிரவுசர் டேப்பை மூடிட்டுப் போகட்டும்.”

மேனேஜர் தலையாட்டினார். டெஸ்டர் மட்டும் விடவில்லை. டெஸ்டர் என்பவள் இவளுக்கு எதிர் மேஜைக்காரி, அடுத்தவர் வேலையில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள்.

“டேப்பை மூடினா திரைதான் மூடும், டோக்கன் அப்படியே கிடக்கும். அந்தக் கம்ப்யூட்டரை அடுத்து யார் தொட்டாலும் அந்த நர்ஸாத்தான் உள்ள நிப்பாங்க. கடையை இழுத்துச் சாத்தாம வீட்டுக்குப் போயிட்டு, நான்தான் அங்க இல்லையேன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“குறைஞ்சது நாமளாவது ஒரு மணி நேரத்துல அவங்களை வெளிய அனுப்பிடணும்” என்றும் சொன்னாள். அதுவும் வேண்டாம் என்றாள் இவள். புகார் திரும்ப வரும். அப்படியே முடிவானது. பட்டன் போனது. புகார்களும் நின்றன. மூத்த சிஸ்டர் ஒருவரைத் தவிர.

“பாப்பா, நீதானே இதைச் செஞ்சது?” என்று ஒருநாள் அப்பாவின் அறை வாசலில் நின்று கேட்டார். “உள்ள போக வழி வெச்சிருக்கே, வெளிய வர வழியைக் காணோமே. வீட்டுக்குப் போய்ப் படுத்தாகூட இன்னும் டியூட்டியிலயே இருக்கற மாதிரி மனசு அடிச்சுக்குதும்மா.”

“டேப்பை மூடிடுங்க சிஸ்டர், போதும்.”

“மூடினா நான் வெளிய வந்துடுவேனா?”

இவள் சிரித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

இப்போது டெஸ்டரை அழைத்துத் திரையைக் காட்டினாள். டெஸ்டரின் முகத்தில் ‘அன்னைக்கே சொன்னேன்’ என்பது ஒரு நொடி வந்து, உடனே அணைந்தது.

“அவங்க டோக்கன்ல வேற யாரோ உட்கார்ந்திருக்காங்க. எந்தக் கம்ப்யூட்டர்னு பாரு.”

பார்த்தாள். அது அவளுடைய பழைய லேப்டாப். அப்பாவின் அறையில், சிஸ்டர் எழுதுவதற்காகவே ஸ்டூல்மேல் வைத்திருந்தது. அவர் போனபிறகு அதை மூடித் துணி அலமாரிக்குள் வைத்து ஐந்து வாரமாகிவிட்டது.

“அப்படின்னா யாரோ உங்க வீட்டுக்குள்ள இருக்காங்க” என்றாள் டெஸ்டர் மெதுவாக.

அத்தைக்குப் போன் போட்டாள். கதவு எல்லாம் தாழ் போட்டிருக்கிறதா? போட்டிருக்கிறது. அலமாரியைத் திறந்து பாருங்க. அலமாரிக் கதவின் கிரீச், போர்வைகள் விலகும் சரசரப்பு, அத்தையின் மூச்சு. மூச்சு ஒரு கணம் நின்றது.

“பாப்பா… இது சுடுதே.”

“சார்ஜ்ல போட்டீங்களா?”

“சார்ஜர் உன் ரூம்ல இருக்கு. இது சும்மா துணிக்கு நடுவுல இருக்கு. சோத்துப்பானையைத் தொட்ட மாதிரி சுடுது.”

அவள் பட்டியலில் அந்த வரியை அழித்தாள். டோக்கன் செத்தது. இனி அதை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் புதிதாகப் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். போனுக்கு எண் வர வேண்டும். சிஸ்டரின் போன் எண்ணை அவர் மகன் எப்போதோ முடக்கிவிட்டான். டெஸ்டர் டீ கொண்டுவந்து வைத்தாள். டம்ளரைத் தூக்கி வாயருகே கொண்டுபோவதற்குள் அந்த வரி திரும்ப வந்து நின்றது. யாரும் பாஸ்வேர்டு கொடுத்ததாகப் பதிவு இல்லை. எண் கேட்டதாகப் பதிவு இல்லை. கதவு திறந்த சத்தமே இல்லாமல் ஆள் மட்டும் கூடத்தில் நிற்பதுபோல.

கூடவே அப்பாவின் பக்கத்தில் புதிய குறிப்பு. ‘நோயாளியின் தங்கை அலமாரியைத் திறந்தார். பயந்துவிட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னேன்.’

டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் எல்லாம் வழக்கம்போல இருந்ததுதான் இன்னும் கலவரமாக இருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல், குளியலறையில் சொட்டும் குழாய், அத்தை நறுக்கிப் பாதியில் விட்டிருந்த வெங்காயத்தின் நெடி. அப்பாவின் அறையில் மட்டும், ஊசி போடுமுன் பஞ்சில் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை மெல்லியதாக, இப்போதுதான் யாரோ கையைத் துடைத்துக்கொண்டது போல. லேப்டாப் ஆறிப்போயிருந்தது. அதன் அடியில் நாலு திருகைக் கழற்றி பேட்டரியை வெளியே எடுத்தாள். எடுத்ததைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, படிக்கட்டுக்குக் கீழே குப்பைத்தொட்டிக்குள் போட்டுவிட்டு வந்தாள்.

“யாருப்பா வந்தா?” என்று குனிந்து கேட்டாள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. அவருடைய பார்வை அவள் தோளுக்கு மேலே, கட்டிலின் மறுபக்கம் நிலைத்திருந்தது. பிறகு நகர்ந்தது. தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு. கால்மாட்டிலிருந்து ஸ்டூலுக்கு. கண்ணுக்குத் தெரிகிற ஒருவர் நடந்துபோகும் வேகத்தில், நிதானமாக.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முடியவில்லை.

அன்று இரவு அப்பாவின் அறையிலேயே பாய் போட்டாள். தூங்கியும் தூங்காமலும் விடிந்தது. வெளிச்சம் வந்த பிறகுதான் போனைப் பார்த்தாள். ஆறு பத்துக்கு ஒரு குறிப்பு. ஆறு இருபதுக்கு ஒன்று. ஆறரைக்கு ஒன்று. ‘நாடி பார்த்தேன்.’ ‘நாடி பார்த்தேன்.’ ‘தண்ணீர் கொடுத்தேன்.’

அப்பா இருமிக்கொண்டிருந்தார். தலையணை நனைந்திருந்தது.

அப்பாவுக்குத் தண்ணீரை அப்படியே கொடுக்கக்கூடாது. கெட்டியாக்கும் தூள் கலந்து, நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பூனால் துளித்துளியாகத்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இதை இந்த வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்ததே மூத்த சிஸ்டர்தான். உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் அவர் அதை மறந்ததில்லை.

அவள் அப்பாவைத் தூக்கி நிமிர்த்தி முதுகைத் தட்டினாள். நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம். டாக்டர் போனில் கேட்டுவிட்டு நாளைக் காலை அழைத்துவரச் சொன்னார். போன் கையிலிருக்கும்போதே அது அதிர்ந்தது. ‘மகள் முதுகைத் தட்டினாள். சரியாகத் தட்டவில்லை. மறுபடி தண்ணீர் கொடுப்பேன்.’

இனி சும்மா இருக்க முடியாது. சிஸ்டத்தை ஆபீஸிலிருந்துதான் மாற்ற முடியும். கட்டிலை விட்டு ஒரு அடி நகரக்கூடாது, வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் திறந்து வைக்கக்கூடாது என்று அத்தையிடம் சொன்னாள். அத்தை நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஓடிக்கிட்டிருக்கற சிஸ்டத்துல இப்போ எதுக்குக் கையை வெக்கறே? கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாயிடும்” என்றார் மேனேஜர்.

“பூதம் ஏற்கெனவே கிளம்பியாச்சு சார்” என்றாள் டெஸ்டர். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். வேலை பெரிதில்லை. ஒரு பட்டன், அமுக்கினால் பிரவுசரில் இருக்கும் டோக்கனையும் செர்வரில் இருக்கும் அதன் பிரதியையும் சேர்த்து அழிக்கும் நாற்பது வரி புரோகிராம். இதைத்தான் ஒரு வருடத்துக்கு முன் அவள் வேண்டாம் என்று தூக்கியெறிந்தாள். விரல்கள் திரும்பத் திரும்பத் தப்பான எழுத்தில் விழுந்தன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்பாவின் பக்கத்தில் ஒரு வரி ஏறியது. பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. ‘நாடி பார்த்தேன்.’ அத்தைக்குப் போன் போட்டால், “இருமறார், ஆனா பரவால்ல, நீ சீக்கிரம் வா” என்றாள். கீழே திரைச்சீலைக் கடையில் யாரோ துணியை நீளநீளமாகக் கிழிக்கும் சத்தம் மேலே வந்துகொண்டே இருந்தது.

“நாம அழிச்சா திரும்ப வர்றாங்க” என்றாள் இவள். “அவங்களே அமுக்கினாத்தான் உண்டு.”

“அமுக்குவாங்களா?”

“அவங்க கேட்டதே இதைத்தான்.”

நாலு மணி ஐந்து நிமிடத்துக்குப் புதிய பக்கம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. மேல் மூலையில், சேமிக்கும் பட்டனிலிருந்து தள்ளி, சிவப்பாக, தமிழில்: ‘வெளியேறு’.

இருவரும் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது வரி. உள்ளே. இப்போது.

நாலு ஏழு. நாலு ஒன்பது. குறிப்பு எதுவும் வரவில்லை. படித்துக்கொண்டிருக்கிறார் போல.

நாலு பன்னிரண்டுக்கு அந்த வரி மறைந்தது. பதிவில் ஒரே ஒரு வாசகம் விழுந்தது: தானே வெளியேறினார்.

டெஸ்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளி மூச்சை விட்டாள். “போயிட்டாங்க.”

இவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்து நிமிடம் காத்திருந்தாள். இருபது நிமிடம். வரி திரும்பவில்லை. அப்பாவின் பக்கமும் அப்படியே கிடந்தது. ஐந்து வாரமாக ஒரு மனுஷியைப் பிடித்து நிற்க வைத்திருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. மனதுக்குள் மன்னிப்புக்கூடக் கேட்டாள். பிறகு நல்ல சேதி சொல்ல அத்தைக்குப் போன் போட்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி.

குடையை எடுக்காமலே படியிறங்கினாள். பஸ் வரவில்லை. ஆட்டோவில் ஏறினாள். சிக்னலில் நின்றது. வைப்பர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் அந்தப் பக்கம். முன்னால் ஒரு லாரி பின்னோக்கி வர இடம் கேட்டு நின்றது. பாதியில் இறங்கி ஓடினாள். அத்தை கட்டிலை விட்டு நகர்ந்திருக்க மாட்டாள், போன் சமையலறையில் இருக்கும், அவ்வளவுதான். அவ்வளவுதான். அவ்வளவுதான்.

அத்தை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

காலில் செருப்பில்லை. முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். ஆறு மணி ஆகவில்லை, ஆனாலும் மழை மூட்டத்தில் படிக்கட்டு இருண்டிருந்தது. மேலே வீட்டுக் கதவு பாதி திறந்து கிடந்தது.

“அத்தை? அப்பாவைத் தனியா விட்டுட்டா வந்தீங்க?”

அத்தை முந்தானையை எடுத்தாள்.

“நான் சொன்னேன் பாப்பா. போதும், விட்டுடுங்கன்னு சொன்னேன். கையைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தேன். கேக்கவே மாட்டேங்கறாங்க.”

“யாரு?”

“சிஸ்டர்தான். நாலேகால் இருக்கும், வெளிய வந்துட்டாங்க” என்றாள் அத்தை. படியின் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளிருந்து சத்தம் வந்தது. சதக் என்று ஒன்று. பிறகு இழுபடும் சத்தம். சதக். இழுபடும் சத்தம்.

அவள் மேலே ஏறினாள். கதவைத் தள்ளினாள்.

ஸ்பிரிட் வாசனை முகத்தில் அடித்தது.

கூடத்தில் விளக்கில்லை. ஜன்னல் வெளிச்சம் மட்டும்.

அப்பா நடந்துகொண்டிருந்தார். இரண்டு வருடமாக அசையாத வலது கை தோள் உயரத்துக்கு எழும்பி, பக்கவாட்டில் நீண்டிருந்தது. யார் கழுத்திலோ போட்டது போல அந்தரத்தில் வளைந்து தொங்கியது. இடுப்பில் சட்டை ஒரு பிடியாகச் சுருண்டு, இறுகி நின்றது. உடம்பின் பாரம் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. அங்கே யாருமில்லை. இடது கால் முன்னே விழுந்தது. சதக். வலது கால் பின்னால் இழுபட்டது. பாதம் மடங்கி, விரல்களின் மேல்புறம் தரையில் தேய்ந்து. கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை வெள்ளைத் தரையில் ஒரு கோடு. அதன்மேல் இன்னொரு கோடு. அதன்மேல் இன்னொன்று. எத்தனை என்று தெரியாத அளவுக்கு, அகலமாக, ஈரமாக, கறுப்பாக.

அவர் தலை தொங்கியிருந்தது. வாயிலிருந்து எச்சில் வழிந்தது. அவளருகே வந்தபோது தலை மெல்ல உயர்ந்தது, தாடையின் கீழ் யாரோ இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினாற்போல. அவருக்குச் சுயநினைவு இருந்தது. அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது.

“போ… தும்” என்றார்.

அவள் பாய்ந்து அவர் இடது கையைப் பிடித்தாள். சூடான, திடமான ஒரு உள்ளங்கை அவள் மணிக்கட்டின்மேல் விழுந்தது. கோபமில்லாமல், அவசரமில்லாமல், குழந்தையின் கையை அடுப்பிலிருந்து விலக்குவதுபோல அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தது.

அப்பா சுவரருகே போய்ச் சேர்ந்தார். நின்றார். இடுப்புச் சட்டை இன்னும் கொஞ்சம் இறுகியது.

மெதுவாகத் திருப்பப்பட்டு, மறுபடியும் நடக்கத் தொடங்கினார்.